நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்துப் பிணம்

சேக்காடு ஆக்னஸுக்கு இலக்கியத்தோடு எந்தத் தகராறும் இருந்ததில்லை. அவள் பாட்டுக்குக் காலையில் ஆவடியில் ரயில் ஏறுவாள், பட்டரவாக்கத்தில் இறங்குவாள், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள் ஒரு ஸ்பிரிங் கம்பெனியின் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்து கம்பிச் சுருளுக்கு விலை கேட்டுப் போன் பேசுவாள், சாயங்காலம் வந்த வழியே திரும்புவாள். இந்தப் போக்குவரத்துக்கு நடுவே கைப்பையிலிருந்து ஒரு நாவல் வெளியே வரும். காதல் நாவல், இல்லாவிட்டால் மர்ம நாவல். காதலில் சலிப்புத் தட்டினால் கொலை, கொலையில் சலிப்புத் தட்டினால் காதல். பழைய நாவல்கள் அல்ல, கடைக்கு அப்போதுதான் வந்தவை.

படித்ததோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. படித்ததைப் பற்றி யாரிடமாவது சொன்னால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். கணவர் கிருபாகரன் ஆவடியில் வண்டி பேட்டரிக் கடை வைத்திருப்பவர். அவர் கையில் எடுத்த புத்தகமெல்லாம் பேட்டரியோடு வரும் உத்தரவாதப் புத்தகம்தான். கொஞ்ச நாள் சாப்பாட்டு நேரத்தில் 'உம்' கொட்டிப் பார்த்தார். ரசம் கேட்டதற்குக் கொலையாளியின் பெயர் பதிலாக வந்த நாளில், இதையெல்லாம் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போடேன், நாலு பேர் படிப்பார்கள் என்றார். தான் தப்பிப்பதற்காகச் சொன்ன யோசனைதான் அது.

தண்ணீர் லாரி எப்போது வரும், லிஃப்ட்டில் யார் குப்பைப் பையை வைத்தது என்று ஓடிக்கொண்டிருந்த குழுவில் ஆக்னஸின் கருத்துகள் வர ஆரம்பித்தன. 'இப்போது வரும் காதல் நாவல்களில் எல்லா நாயகனுக்கும் சொந்தமாகக் கம்பெனி இருக்கிறது. மாசச் சம்பளக்காரனை யாரும் காதலிப்பதில்லை' என்று எழுதினாள். இன்னொரு நாவலைப் பற்றி, 'மூன்றாம் அத்தியாயத்தில் அவன் அவளை அறைகிறான், ஆறாம் அத்தியாயத்தில் அவளுக்குக் காதல் வருகிறது. பக்கத்து ஃப்ளாட்டில் இது நடந்தால் நாம் போலீசுக்கு அல்லவா போன் போடுவோம்' என்றாள். மர்ம நாவல்களையும் விட்டுவைக்கவில்லை. 'துப்பறிகிறவருக்கெல்லாம் மனைவி செத்துப்போயிருக்க வேண்டும் என்று ஏதாவது சட்டமா? உயிரோடு இருந்திருந்தால் அந்த அம்மாள் பாதிக் கதையிலேயே ஆளைக் காட்டிக் கொடுத்திருப்பாள்.'

குடியிருப்புப் பெண்கள் சிரித்தார்கள். சிலர் இதை மற்ற குழுக்களுக்குத் தள்ளிவிட்டார்கள். தள்ளித் தள்ளி அது ஒருநாள் மேற்குப் புறநகர் வாசிப்புப் பேரவையின் தலைவர் ஜெயராமனின் போனில் போய் விழுந்தது.

பேரவை அம்பத்தூரில் ஒரு டயர்க் கடைக்கு மேல் மாடியில் இயங்கியது. வருடா வருடம் 'மக்கள் நாவல் விருது' கொடுக்கும். நடுவர் குழுவில் ஒருவர் 'பொது வாசக'ராக இருக்க வேண்டும் என்று அதன் விதி சொல்லியது. அதுவரை பொது வாசகராக இருந்தது ஜெயராமனின் மைத்துனர். அவர் மகன் வீட்டோடு ஓசூர் போய்விட்டதால் மேற்குப் புறநகரில் பொது வாசகருக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. ஆக்னஸை அழைத்தார்கள்.

தனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று அவள் போனிலேயே கேட்டாள். தகுதி இல்லாதவர்தான் பொது வாசகர் என்று செயலாளர் மதுரைவீரன் விளக்கினார்.

கிருபாகரனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆவடி மார்க்கெட் பக்கம், தன் கடைக்கு எதிரிலேயே, மனைவியின் படத்தோடு ஃப்ளெக்ஸ் வைத்தார். 'விருது நடுவர் ஆக்னஸ் கிருபாகரன்' என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே கடையின் பெயரையும் எந்தெந்த வண்டிக்கு எந்த பேட்டரி என்பதையும் போட்டிருந்தார்.

முதல் கூட்டத்துக்கு ஆக்னஸ் புதுப் புடவை கட்டிக்கொண்டு போனாள். நாலு பேர்தான் இருந்தார்கள். தலைவர், செயலாளர், திறனாய்வாளர் என்று அறிமுகப்படுத்தப்பட்ட பேராசிரியை கனிமொழி, அவள். ஆனாலும் மைக் இருந்தது. கைநீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் இருந்த மூன்று பேரை மதுரைவீரன் மைக்கில் வரவேற்றார். பிறகு ஒரு சால்வையை எடுத்துத் தலைவருக்குப் போர்த்தினார். கைதட்டல் ஓய்ந்ததும் அதே சால்வையைத் தலைவரிடமிருந்து எடுத்துப் பேராசிரியைக்குப் போர்த்தினார், அவரிடமிருந்து எடுத்து ஆக்னஸுக்கு. கடைசியாகத் தனக்குத் தானே போர்த்திக்கொண்டு, மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். கீழேயிருந்து ரப்பர் வாடை வந்துகொண்டிருந்தது.

முன்னுரை, தலைமையுரை, சிறப்புரை எல்லாம் முடிந்தபோது மணி எட்டாகிவிட்டது. எந்தெந்தப் புத்தகத்தையெல்லாம் படிக்க வேண்டும் என்று ஆக்னஸ் கேட்டாள். ஜெயராமன் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அம்மா, நீங்கள் புதியவர், அதனால் கேட்கிறீர்கள். ஒரு நூலைப் படிப்பவன் அதன் பக்கம் சாய்ந்துவிடுகிறான். நடுவர் என்பவர் சாயக் கூடாது. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். ஒருமுறைகூடச் சாய்ந்ததில்லை."

விருதுக்கான நாவலை ஏற்கெனவே முடிவு செய்தாகிவிட்டது என்றும் தெரிந்தது. 'உன் குடையில் பாதி இடம்' என்ற காதல் நாவல். எழுதியவர் பூந்தமல்லி அஃப்ஷீன். பதிப்பாளர் நடுவர்களுக்கென்று ஒரு கட்டுப் பிரதிகளை இலவசமாக அனுப்பியிருந்தார். அனுப்பிய ஒரே பதிப்பாளர் அவர்தான் என்பதால் போட்டி சுமுகமாக முடிந்திருந்தது. ஆக்னஸுக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள், வீட்டில் வைத்துக்கொள்வதற்காக.

அவள் அதை மறுநாள் ரயிலில் பிரித்துவிட்டாள்.

பிரித்ததிலிருந்து கீழே வைக்க மனம் வரவில்லை. அந்த வாரம் முழுக்கப் போகவர அதையே படித்தாள். நாயகன் யூசுப் கம்பெனி முதலாளி இல்லை, வங்கியில் குமாஸ்தா. நாயகி நூரி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். பூந்தமல்லி பஸ் நிலையத்தில் மழைக்கு ஒரே குடைக்குள் ஒதுங்கிய பழக்கம். யாரும் யாரையும் அறையவில்லை. யூசுப் இரண்டு தடவை சொல்ல வந்து பஸ் வந்துவிட்டதால் சொல்லாமல் போகிறான். மூன்றாவது தடவை பஸ் வரவில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில் அவன் அவள் முகத்தைப் பார்த்து, 'நான் இத்தனை நாளாகத் தேடியது' என்று ஆரம்பிக்கிறான்.

ஆக்னஸ் பக்கத்தைத் திருப்பினாள்.

'இன்னொரு பிணம். அதன் வாய் நிறைய அரிசி இருந்தது' என்று தொடங்கியது நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்.

அவள் திரும்பப் படித்தாள். பிறகு மேலே படித்தாள். ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். அவருக்கு மனைவி இல்லை. அரிசி ஆலை ஒன்று வந்தது. யூசுபும் நூரியும் குடையோடு எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில் இன்ஸ்பெக்டர், 'எல்லாம் உன் வேலைதான் சுந்தரம்' என்று சொல்லி விலங்கு மாட்டினார். சுந்தரம் யார், முதல் பிணம் யாருடையது, ஒன்றும் ஆக்னஸுக்குப் புரியவில்லை. முடித்த அன்று காலை பட்டரவாக்கத்தில் இறங்க மறந்து கொரட்டூர் வரை போய்விட்டாள்.

அச்சக வழக்கம் அவளுக்குக் கொஞ்சம் தெரியும். கம்பெனிக்கு விலைப்பட்டியல் அச்சடித்து வாங்குகிறவள் அவள்தான். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். ஃபாரம் ஃபாரமாக அச்சடித்து, அடுக்கி, பைண்டு பண்ணுவார்கள். ஒரே அச்சகத்தில் ஒரே வாரம் இரண்டு நாவல் அச்சாகி, அடுக்குகிறவர் பாதியில் டீ குடிக்கப் போனால் இப்படி ஆகும். காதலுக்குப் பாதி, கொலைக்குப் பாதி.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னாள். சொன்னால் பதறிப்போவார்கள் என்று நினைத்திருந்தாள். யாரும் பதறவில்லை. கனிமொழி அவளை அனுதாபத்தோடு பார்த்தார். ஒரு நூலை நடுவில் ஓரிடம், முடிவில் ஓரிடம் திறந்து பார்த்தால் அதன் ஆன்மா பிடிபட்டுவிடும் என்பது அவருடைய முறை. அந்த முறைப்படி பார்த்து ஒரு நீண்ட மதிப்புரையை அவர் எழுதி, பேரவையின் இதழில் அது அச்சாகியும் விட்டது.

"'இன்னொரு பிணம்'னு ஆசிரியர் எழுதியிருக்காங்க, கவனிச்சீங்களா? அப்போ முதல் பிணம் எது? காதல்தான் முதல் பிணம். நான் அதைத்தான் நாலு பக்கத்துக்கு விளக்கியிருக்கேன்" என்றார்.

ஆக்னஸ் விடவில்லை. சரி, அப்படியானால் சுந்தரம் யார் என்று கேட்டாள். அது வாசகரின் கற்பனைக்கு விடப்பட்டிருக்கிறது என்றார் கனிமொழி. விலங்கு மாட்டியிருக்கிறார்களே என்றாள் ஆக்னஸ். அதுவும் வாசகரின் கற்பனைக்கா என்று கேட்க வாயெடுத்தவள், பேராசிரியை என்பதால் அடக்கிக்கொண்டாள்.

ஜெயராமன் தொண்டையைச் செருமினார். "பேரவை ஒரு நூலைப் பாராட்டித் தீர்மானம் போட்ட பிறகு அந்த நூலில் பிழை ஏற்பட வாய்ப்பில்லை, அம்மா. இருந்தாலும் நாங்கள் ஜனநாயகவாதிகள்."

ஜனநாயகத்தை முன்னிட்டு 'பக்க ஒழுங்கு ஆய்வுக் குழு' அமைக்கப்பட்டது. உறுப்பினர்கள் ஜெயராமன், மதுரைவீரன், கனிமொழி. குழு அங்கேயே ஜன்னலோரம் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கூடியது. மதுரைவீரன் விரலை எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருந்த எண்ணை உரக்கப் படித்தார். கொஞ்ச நேரத்தில் அறிக்கை தயாராகிவிட்டது. எண்கள் ஒன்றிலிருந்து கடைசி வரை வரிசையாக இருக்கின்றன, எதுவும் விடுபடவில்லை, எந்த எண்ணும் இரண்டு முறை வரவில்லை, ஆகவே நூல் முழுமையானது. ஆய்வுக் குழுவுக்கு மைக்கில் நன்றி சொல்லப்பட்டது. சால்வை மறுபடி வெளியே வந்தது.

அத்தோடு, விழா மேடையில் பாராட்டுரையைப் படிக்க வேண்டியவர் பொது வாசகர்தான் என்று ஒரு தாளை ஆக்னஸிடம் கொடுத்தார்கள். கனிமொழியே எழுதியிருந்தார். 'காதலின் பிணத்தை அரிசியால் நிரப்பிய இந்தப் புரட்சி' என்று அது ஆரம்பித்தது. ஆக்னஸ் தன்னை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டாள். விலகலைப் பொதுக்குழுதான் ஏற்க முடியும், பொதுக்குழு விழாவுக்கு அப்புறம்தான் கூடும் என்றார் மதுரைவீரன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவருக்கு ஃப்ளெக்ஸ் பற்றித்தான் கவலை.

"படிச்சிட்டு வந்துடேன் ஆக்னஸ். உனுக்கு இன்னா போச்சு? காயிதத்துல இருக்குறதப் படிக்கப் போற. கடைக்கு வர்றவன்லாம் உன்னப் பத்திதான் கேட்டுகினு கீறான்."

தனக்கு ஒன்றும் போகவில்லை என்பது அவளுக்கும் தெரிந்தது. ஆனால் அந்த அஃப்ஷீன் அன்றைக்கு மேடையில் இருப்பாள். தான் எழுதாத பிணத்துக்காக அவளைப் பாராட்டுவார்கள். அவள் திருதிருவென்று முழிப்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும், கணவரிடம் சொல்லாமல், பூந்தமல்லிக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அஃப்ஷீனின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. விருது வாங்கப்போகிறவள் வீடு எது என்று கேட்டதும் தெருவே கையைக் காட்டியது. அவளும் நூரி மாதிரி ஒரு மருந்துக் கடையில்தான் வேலை பார்த்தாள். முப்பது வயதிருக்கும். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் போனில் தட்டித் தட்டி எழுதிய நாவல் அது. அம்மா மஹ்பூபா அதை மூன்று தடவை படித்திருந்தார். நடுவர் அம்மாள் வந்திருக்கிறார் என்றதும் அவர் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்து, சேமியாவும் சமோசாவும் கொண்டுவந்து வைத்துவிட்டார். இத்தனை நாளும் போனை நோண்டிக்கொண்டிருக்கிறாள் என்று குறை சொன்ன மகளின் மாமியார் வீட்டுச் சனம் முழுக்க விழாவுக்கு வேன் பேசியிருக்கிறது என்று பெருமையாகச் சொன்னார்.

இதைக் கேட்ட பிறகு பையிலிருந்து புத்தகத்தை எடுக்க ஆக்னஸுக்குக் கை வரவில்லை. ஆனாலும் எடுத்தாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள்.

அஃப்ஷீன் படித்தாள். பக்கத்தைத் திருப்பினாள். அரிசி அடைத்த பிணத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோபாவில் சாய்ந்து, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஆக்னஸும் சேர்ந்து சிரித்தாள். பேராசிரியையின் மதிப்புரையைப் பற்றிச் சொன்னபோது அஃப்ஷீன் இன்னும் சிரித்தாள். பிறகு திடீரென்று நிறுத்திவிட்டாள்.

"அப்போ அவங்க யாருமே படிக்கலையாக்கா?"

ஆக்னஸ் சமோசாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யூசுப் என்ன சொன்னான்னுகூடத் தெரியாதா அவங்களுக்கு? அந்த ஒரு வரிக்காகத்தான் நான் முழு நாவலும் எழுதினேன்."

அவளுடைய பிரதிகள் சரியாகத்தான் இருந்தன. அதில் நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம், 'உன்னைத்தான் நூரி' என்று தொடங்கியது. யூசுப் குடையை முழுக்க அவள் பக்கம் சாய்த்துவிட்டு நனைந்துகொண்டே நின்றான். ஆக்னஸ் அங்கேயே உட்கார்ந்து மீதிக் கதையைப் படித்து முடித்தாள். விருதை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அஃப்ஷீன் கேட்டாள். கேட்டுவிட்டு அவளே, வேன் பேசியாகிவிட்டது என்றாள். போவது என்று முடிவாயிற்று.

அப்படியானால் அந்தக் கொலைக் கதை யாருடையது என்பது பாக்கி இருந்தது. அஃப்ஷீன் பதிப்பாளருக்குப் போன் போட்டாள். 'அரிசி ஆலையில் ஆறாவது ஆள்' என்ற நாவல், எழுதியவர் மண்ணூர்பேட்டை இருதயராஜ் என்று தெரிந்தது.

மறுநாள் வேலை முடிந்து ஆக்னஸ் அவரைத் தேடிப் போனாள். இருதயராஜ் எஸ்டேட் ஓரத்தில் லாரிகளுக்கு எடைமேடை வைத்திருப்பவர். ஒரு லாரி இறங்கி அடுத்த லாரி ஏறும் வரை மர்ம நாவல் எழுதுவார். வந்த விஷயத்தை அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்துபோய் ஒரு அட்டைப் பெட்டியை இழுத்து வந்தார். ஆசிரியருக்கென்று அவருக்கு அனுப்பிய பிரதிகள். ஒன்றைப் பிரித்துக் காட்டினார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், 'கதவைத் திறந்த இன்ஸ்பெக்டர் அங்கே கண்டது' என்று முடிந்தது. அடுத்த பக்கம், 'உன்னைத்தான் நூரி' என்று ஆரம்பித்தது.

"என் இன்ஸ்பெக்டர் யார் ஊட்டுப் பொண்ணையோ பாத்து இன்னாத்துக்கும்மா இப்டி உருகறான்னு நானே குழம்பிப்பூட்டேன். கடைசில ரெண்டு பேரு நிக்காஹ் பண்ணிகினு போறாங்க. என் பொணம் அங்கயே கெடக்குது."

பதிப்பாளரிடம் புகார் சொன்னாராம். வாசகர்கள் யாரும் குறை சொல்லவில்லையே, உங்களுக்கு மட்டும் என்ன என்று கேட்டார்களாம். ஆக்னஸ் அவருடைய பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டாள். அதன் முதல் பாதியையும் பேரவை கொடுத்ததன் இரண்டாம் பாதியையும் சேர்த்து வைத்து, அடுத்த சில நாளில் ரயிலிலேயே கொலைக் கதையையும் முடித்துவிட்டாள். விழாவுக்கு வரும்படி அவரையும் அழைத்திருந்தாள்.

விழா அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முன் மூன்று வரிசை முழுக்கப் பூந்தமல்லி வேன். நாலாவது வரிசையில் இருதயராஜ் வெள்ளைச் சட்டையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிருபாகரன் பேட்டரிக் கடை நண்பர்களோடு வந்திருந்தார். மேடையில் விளக்கேற்றினார்கள். சால்வை இந்தத் தடவை புதுசு.

ஜெயராமன் தலைமையுரை ஆற்றினார். பேரவை இதுவரை கொடுத்த விருதுகளில் ஒன்றைப் பற்றிக்கூட எந்த வாசகரும் கேள்வி எழுப்பியதில்லை, அந்த அளவுக்கு வாசகர்களை நாங்கள் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார். பிறகு நாவலுக்கு வந்தார்.

"ஒரு பெண்ணின் பேனாவிலிருந்து இப்படியொரு இன்ஸ்பெக்டர் பிறந்திருக்கிறார். மனைவியை இழந்த அந்த மாமனிதரின் மீசை துடிக்கும்போது நம் மீசையும் துடிக்கிறது."

முன்வரிசையில் மஹ்பூபா பக்கத்திலிருந்த சம்பந்தியம்மாளைப் பார்த்தார். "எந்த இன்ஸ்பெக்டரு?" என்று அவர் கேட்டது மேடை வரைக்கும் கேட்டது. மேடையில் அஃப்ஷீன் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. மகிழ்ச்சியில் அழுகிறாள் என்று மதுரைவீரன் மைக்கில் அறிவித்தார்.

பொது வாசகர் பாராட்டுரை வழங்குவார் என்றார்கள். ஆக்னஸ் எழுந்தாள். காகிதத்தைப் பிரித்தாள். 'காதலின் பிணத்தை' என்ற இரண்டு சொல்லைப் பார்த்தாள். பிறகு காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, குடியிருப்புக் குழுவில் எழுதுவது போலப் பேச ஆரம்பித்தாள்.

தான் இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டதாகச் சொன்னாள். மேடையில் இருந்த மற்ற மூன்று நடுவர்களும் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். முதல் பாதி அருமை, இந்த வருஷம் படித்ததிலேயே நல்ல காதலன் யூசுப்தான், குமாஸ்தாவாக இருந்துகொண்டே காதலிக்கிறான், யாரையும் அறையவில்லை என்றாள். மஹ்பூபா கைதட்டினார். வேன் மொத்தமும் கைதட்டியது.

"ஆனா நூத்திப் பதிமூணாம் பக்கத்துலேர்ந்து இது அஃப்ஷீன் எழுதினது இல்லீங்க. பைண்டிங்குல மாறிப்போச்சு. அந்தப் பொணம் நாலாவது வரிசைல உக்காந்திருக்கறவரோடது."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. இருதயராஜ் எழுந்து கும்பிட்டார்.

ஜெயராமன் ஒரு கணம்தான் தடுமாறினார். இருபத்திரண்டு வருஷ அனுபவம் சும்மா போகுமா. மைக்கை வாங்கினார். "ஒரே நூலுக்குள் ஒளிந்திருந்த இரண்டு ஆசிரியர்களைக் கண்டுபிடித்த முதல் அமைப்பு நம் பேரவை என்பதை இந்த நேரத்தில் பெருமையோடு அறிவிக்கிறேன்" என்றார். கைதட்டல் வந்தது. கனிமொழியும் எழுந்து, இரட்டை ஆசிரியத்தன்மை பற்றித் தான் மதிப்புரையிலேயே கோடிகாட்டியிருப்பதாகத் தெரிவித்தார். இருதயராஜை மேடைக்கு ஏற்றினார்கள். விருதுக் கேடயத்தை அஃப்ஷீனுக்கும் சால்வையை அவருக்குமாகப் பிரித்தார்கள்.

இதோடு முடிந்திருக்கும். கிருபாகரனின் நண்பர் ஒருவர், பேட்டரி வாங்க வந்து அப்படியே விழாவுக்கும் வந்துவிட்டவர், பின்னாலிருந்து ஒரு கேள்வி கேட்டார். அதெல்லாம் சரி, கொலை செய்தது யார்?

நியாயமான கேள்வி. ஜெயராமன் மதுரைவீரனைப் பார்த்தார். மதுரைவீரன் கனிமொழியைப் பார்த்தார். கனிமொழி மேற்கூரையைப் பார்த்தார். பேரவைக்கு ஒரு நிலைப்பாடு இல்லாமல் இருக்க முடியாது. இதைப் பொதுக்குழு முடிவு செய்யும் என்று ஜெயராமன் அறிவித்தார். பேரவையின் உறுப்பினர்கள் பாதிப் பேர் அங்கேயே இருந்ததால் பொதுக்குழு அப்போதே கூடியதாகக் கொள்ளப்பட்டது. மதுரைவீரன் பெயர்களை முன்மொழியக் கேட்டார். இன்ஸ்பெக்டர் என்றார் ஒருவர். ஆலை முதலாளி என்றார் இன்னொருவர். கனிமொழி யோசித்து, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தோடு காணாமல் போனவன் யூசுப், பிணம் கிடைப்பது அடுத்த பக்கத்தில், ஆகவே தர்க்கப்படி யூசுப்தான் என்றார்.

இருதயராஜ் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "யோவ், கொல பண்ணவன் சுந்தரம்யா. நான்தான்யா எய்துனேன்."

"ஆசிரியரின் கருத்தையும் பேரவை மதிக்கிறது" என்றார் ஜெயராமன். "அதுவும் ஒரு கருத்தாகப் பதிவு செய்யப்படும்."

கை தூக்கச் சொன்னார்கள். பெரும்பான்மை யூசுபுக்குப் போயிற்று. மஹ்பூபா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எங்கள் யூசுப் ஒரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டான், நனைந்துகொண்டு நின்ற பிள்ளை மேல் பழி போடுகிறீர்களா என்று கேட்டார். வேன் மொத்தமும் எழுந்து நின்றது. யூசுபை உடனே விடுவிக்க வேண்டும் என்று அஃப்ஷீனின் மாமியாரே குரல் கொடுத்தார். மேல்முறையீடு எழுத்து மூலம் வந்தால் அடுத்த பொதுக்குழுவில் பரிசீலிக்கலாம் என்று சொல்லி மதுரைவீரன் நன்றியுரைக்குப் போய்விட்டார்.

நன்றியுரை நீண்டது. ஆக்னஸும் அஃப்ஷீனும் இருதயராஜும் வெளியே நழுவி மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றார்கள். உள்ளேயிருந்து மைக்செட்காரருக்கும் நாற்காலி வாடகைக்காரருக்கும் நன்றி சொல்வது கேட்டது. தன் மாமியார் யூசுபுக்காகச் சண்டை போட்டதை அஃப்ஷீன் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் நாவலைப் படித்திருக்கிறார் என்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்ததாம்.

இருதயராஜ் டீயை ஊதிக்கொண்டே, தன் கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று ஆக்னஸைக் கேட்டார். அவள் தயங்கினாள். பிறகு சொன்னாள். ஆலையும் அந்தத் தூசியும் நன்றாக இருக்கின்றன. ஆனால் சுந்தரம்தான் என்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. முதல் பிணத்தைச் சுற்றி எல்லோரும் அழுதுகொண்டு நிற்கும்போது அவன் ஒருத்தன் மட்டும் கிடங்குப் பூட்டைப் பார்க்கிறான்.

இருதயராஜ் முகம் சுருங்கியது. டீ கிளாஸைப் பலகையில் வைத்தார். கோபித்துக்கொண்டாரோ என்று ஆக்னஸ் பயந்தாள். ஆனால் அவர் வாயை அகலமாகத் திறந்து சிரித்தார்.

"பதினோரு நாவல் எய்திகீறேன்மா. இன்னிக்கிதான் ஒருத்தரு படிச்சிட்டுத் தப்பு கண்டுபுட்ச்சிகீறாங்க." கடைக்காரரிடம் இன்னொரு டீ சொன்னார், ஆக்னஸுக்கு.

அதற்குள் கிருபாகரன் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். மேடையில் மனைவி பேசியதை நண்பர்களெல்லாம் புகழ்ந்தார்களாம். ஃப்ளெக்ஸை இன்னும் ஒரு மாதம் வைக்கலாம் என்றார். ஆக்னஸுக்கு ஒரு சந்தேகம். வோட்டெடுப்பில் அவர் யாருக்குக் கை தூக்கினார் என்று கேட்டாள்.

"எல்லாருக்குந்தான்" என்றார் கிருபாகரன். "போட்டோ எடுத்துகினு இருந்தாங்கல்ல."